மூன்று தொட்டிகளிலும் வெந்தயம்

வைன் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், நான் சுவைத்தவற்றுள் மிகச் சிறந்தது எது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அதற்கு விடை சொல்வது எளிது. ஆனால் அதனால் உங்களுக்கு ஆகப்போவது அதிகமில்லை. நான் நிராகரித்திருக்கக் கூடாத ஒரு வைனைப் பற்றி எழுதுகிறேன். வேலையை விட்டு வந்த பிறகும் அந்த நாட்கள் சில வேளைகளில் நினைவுக்கு வருகின்றன. 

சுவிட்சர்லாந்தின் லா ஷோ-து-ஃபோன் நகரில், கடிகாரத் தொழிற்சாலைகளுக்கு நடுவே, பிரெஞ்சு வைன்களை இறக்குமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் வேலைபார்த்தேன். கணவர் கடிகார உறைகளுக்கு மெருகிடும் பகுதியில் இருந்தார். நான் அங்கே சேர்ந்தது கிளாஸ் கழுவ. லாங்கன்தாலில் இருக்கும் என் மச்சாள் ஒருநாள் தொலைபேசியில், "குடிக்கிற வேலையோ பாக்கிறீர்?" என்று கேட்டார். "இல்லை மச்சாள், துப்புற வேலை" என்றேன். அப்போது அதுகூட உண்மையில்லை. மற்றவர்கள் துப்பியதைக் கழுவும் வேலைதான் என்னுடையது.

எல்லைக்கு அப்பால், ஜூரா மலைச்சரிவுகளில், மஞ்சள் வைன் என்று ஒன்று செய்கிறார்கள். பீப்பாயில் வைன் வற்ற வற்ற மேலே நிரப்பாமல், ஆறு ஆண்டுகளுக்கு மேல் காற்றோடு பழகவிட்டு எடுப்பது. ஒருநாள் எங்கள் சுவைமேசையில் இருந்தவர்கள் அதன் மணத்துக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அக்ரூட் பருப்பு என்றார், இன்னொருவர் காய்ந்த காளான் என்றார். கிளாசுகளை எடுக்கப் போன நான், என்னை யாரும் கேளாமலே, "இது வெந்தயம்" என்று சொல்லிவிட்டேன். மேசைத் தலைவர் அது என்ன என்று கேட்டார். மறுநாள் வறுத்த வெந்தயத்தை ஒரு சிறு போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதையும் வைனையும் மாறி மாறி முகர்ந்தார். சில வாரங்களில் அந்த மேசையில் எனக்கு ஓர் இருக்கை போட்டார்கள். அது 2009ஆம் ஆண்டு.

வறுத்த வெந்தயத்தின் மணம் மஞ்சள் வைனுக்குப் பெருமை. இளம் வெள்ளை வைனில் அதே மணம் தலைகாட்டினால் அது நோய். எங்கோ காற்றுப் புகுந்து, வைன் காலத்துக்கு முன்பே கிழடாகிவிட்டது என்று பொருள். மேசைக்கு வந்த முதல் ஆண்டுகளில், வேறு எவரும் உணராத நிலையில், இரண்டு வெள்ளை வைன்களில் நான் அதைக் கண்டு சொன்னேன். சில மாதங்களில் இரண்டும் பழுப்பேறின. அதன் பிறகு நான் வெந்தயம் என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பிரான்சின் பூர்கோஞ் பகுதிப் பண்ணைக்காரர்கள்கூட என் மூக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

சில ஆண்டுகளின் பின், ஓர் ஓகஸ்ட் மாதத்தின் இறுதியில், அந்தப் பூர்கோஞ்சிலிருந்து ஆறு மாதிரிப் போத்தல்கள் வந்தன. அனுப்பியவர் பெயர் க்ளேர். திராட்சைத் தோட்டமும் நிலவறையும் சேர்ந்த பண்ணையை அங்கே டொமேன் என்பார்கள். அப்படி ஒரு சிறு டொமேனை, முதுமையால் ஒதுங்கிய தன் மாமனிடமிருந்து அவர் எடுத்து நடத்தத் தொடங்கியிருந்தார். பிறர் கை படாமல் அவரே செய்த முதல் வெள்ளை வைன் அது. மூன்று தொட்டிகளில் இருந்தது, தொட்டிக்கு இரண்டு போத்தல், ஒன்று சுவைக்க, மற்றது கிடங்கில் வைக்க. நாங்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த வாரமே அவருடைய முற்றத்தில் போத்தலில் அடைத்து இங்கே அனுப்புவதாக ஏற்பாடு. மறுத்தால் அவர் காத்திருக்க முடியாது. அறுவடை நெருங்கிவிட்டது, புதிய சாறு வருவதற்குள் தொட்டிகள் வெறுமையாக வேண்டும். ஒரு பெண்ணின் ஓராண்டு உழைப்பு மூன்று போத்தல்களில் எங்கள் முன் நின்றது.

மூவர் சுவைப்போம். தலைவர், பஸ்கால் என்ற அனுபவமுள்ள சக ஊழியர், நான். பேசாமல் முகர்ந்து, சுவைத்து, துப்பி, அவரவர் தாளில் எழுதி முடித்த பிறகே வாய் திறக்க வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. அந்தச் செவ்வாய்க்கிழமை ஊற்றியது நான். முதலாவது கிளாசை மூக்கருகே தூக்கியதும் அந்த மணம் வந்தது. மிக மெல்லியதாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல். இரண்டாவதிலும் வந்தது. மூன்றாவதிலும் வந்தபோது, மற்ற இருவரும் பேனையை எடுக்கும் முன்பே, "வெந்தயம்" என்றேன்.

இத்தனை ஆண்டுகளில் நான் அந்த மேசையில் செய்த பெரிய பிழை எது என்று கேட்டால், அந்த ஒற்றைச் சொல்லை அந்த நேரத்தில் சொன்னதுதான். பஸ்கால் தன் கிளாசை மறுபடி முகர்ந்துவிட்டு, ஓம், இருக்கிறது என்று தலையாட்டினார். தலைவர் எழுதினார். மூவரும் கையொப்பமிட்டோம். அன்று பிற்பகலே தலைவர் க்ளேருக்குத் தொலைபேசி எடுத்து, வெள்ளை வைனில் காற்று நோய் தொடங்கியிருக்கிறது, வாங்க இயலாது என்று தன்மையாகச் சொன்னார். க்ளேர் அழவும் இல்லை, வாதாடவும் இல்லையாம். "மூண்டுமோ?" என்று மட்டும் கேட்டாராம். ஆம் என்றதும் நன்றி சொல்லி வைத்துவிட்டாராம்.

அந்தக் கேள்வி என்னைத் தைத்திருக்க வேண்டும். மூன்று தனித்தனித் தொட்டிகள், மூன்று தனித்தனி மூடிகள். ஒன்றில் காற்றுப் புகலாம், இரண்டில்கூடப் புகலாம். மூன்றும் ஒரே நாளில், ஒரே அளவில், ஒரே மணத்தோடு நோயில் விழுவது அரிது. இது நான் அறியாததல்ல. அறிந்திருந்தும், என் மூக்குக்கு மேலாக அந்த அறிவைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் புதன்கிழமை. நொய்சாட்டலில் தங்கி வேலைபார்க்கும் என் மகள் ஆரணி, மாலை நாலரை மணிக்கு என்னை வேலையிடத்திலிருந்து காரில் ஏற்ற வந்தாள். சுவைமேசையில் நாங்கள் அணியும் வெள்ளை மேலங்கியை வீட்டில் துவைப்பதற்காகப் பையில் வைத்துப் பின் இருக்கையில் போட்டேன். இரண்டு தெரு போவதற்குள் அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"அம்மா, இந்தக் கோட்டை எங்கை காயப் போட்டனீங்கள்?"

"ஏன்?"

"கறித்தூள் மணக்குது."

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை."

"உங்களுக்கு எப்பிடி மணக்கும்? நீங்கள் அதுக்குள்ளையே இருக்கிறனீங்கள்." பிறகு, பாதையைப் பார்த்தபடியே சிரித்தாள். "எட்டாம் வகுப்பிலை ஒரு குளிர்காலம் முழுக்க என்ரை ஜாக்கெட்டைக் கீழை சைக்கிள் அறையிலைதான் வைச்சனான். உங்களுக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். ஆனால் அதன் காரணம் தெரியும். நம் வீடுகளில் வளர்ந்த உங்களுக்கும் தெரியும். வெளியே போட்டுப்போகும் உடுப்புகளைத் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தாளிக்கத் தொடங்குவோம். வேலைக்குப் போன முதல் நாளிலிருந்தே, மதிய உணவுக்குப் பாணும் பாற்கட்டியும் தவிர வேறொன்றையும் நான் அந்த நிறுவனத்துக்குள் கொண்டுபோனதில்லை. ஒரு தடவை யாரோ மூக்கைச் சுளித்தார்கள் என்பதற்காக அல்ல. யாரும் சுளித்துவிடக் கூடாதே என்பதற்காக.

முந்திய சனிக்கிழமை என்ன நடந்தது என்று காரிலேயே எண்ணிப் பார்த்தேன். திரிம்பாக் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு வறுத்த தூள் செய்து தருவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். வழக்கமாகப் பல்கனியில் சிறு அடுப்பை வைத்து வறுப்பேன். அன்று மழை, ஆகவே குசினியிலேயே வறுத்தேன். மல்லி, மிளகாய், சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, கடைசியில் பெருஞ்சீரகம். எங்கள் கட்டடத்தில் துணி துவைக்கும் அறைக்கு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை இருக்கிறது. எங்கள் முறை திங்கள். அந்த வாரம் மட்டும் மேல்மாடிக்காரர் கேட்டதால் சனிக்கு மாற்றிக்கொண்டேன். துவைத்த மேலங்கி நடைக்கூடத்தில், குசினி வாசலுக்கு நேரே, கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரத் துணி மணத்தை எப்படிக் குடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாயன்று அதை அணிந்து, கையை வளைத்து, கிளாசைத் தூக்கிய ஒவ்வொரு தடவையும் மேலங்கியின் கை என் மூக்கருகே வந்திருக்கிறது.

ஆனாலும் என் ஊகத்தை மட்டும் நம்ப எனக்குத் துணிவில்லை. ஊகித்து ஒருமுறை கையொப்பமிட்டாயிற்று. ஆரணியை வாகனத்தைக் காட்டோரத்தில் நிறுத்தச் சொன்னேன். பையை இறுக்கிக் கட்டிப் பின்பெட்டியில் வைத்துவிட்டு, ஊசியிலை மரங்களின் கீழே அரைமணி நேரம் நடந்தேன். மழை ஓய்ந்த மண்மணம் மட்டும் மூக்கில் இருந்தது. திரும்பி வந்து பையை அவிழ்த்தேன். எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று கிளாசுகளில் நான் கண்ட மணம், அதே மெல்லிய அளவில், என் மேலங்கியின் கையிலிருந்து எழுந்தது.

ஆரணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தோய்ச்சாப் போகும் அம்மா" என்றாள். நான் வேறெதையோ நினைத்து அப்படி நிற்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. காரில் ஏறிய பிறகு அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன், யாருமில்லை. டொமேனின் எண் அலுவலகக் கோப்பில் இருந்தது. வியாழன் காலை வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வியாழக்கிழமை, ஆரணியின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, மேலங்கிப் பையோடு, கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன். அவள் அதை நொய்சாட்டலிலிருந்து காலையில் கொண்டுவந்து தந்தாள். என் அலுமாரியில் இருக்கும் எந்தத் துணியையும் நம்ப முடியவில்லை. தலைவர் வந்ததும், சொல்ல வேண்டியதை நின்றபடியே சொன்னேன். அவர் பேசியது பிரெஞ்சில். நினைவில் நிற்பது போல நம் பேச்சிலேயே தருகிறேன். அவர் பையைத் திறந்து, மேலங்கியை எடுத்து, வைனை முகர்வது போலவே கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

"நல்ல மணம்" என்றார். "வைனுக்குத்தான் ஆகாது."

என் இருக்கையைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செவ்வாய்க்கிழமை எனக்கு ஒண்டும் மணக்கேல்லை. நீங்கள் சொன்னதாலை எழுதினனான்." கண்ணாடியை மறுபடி அணிந்துகொண்டு, "ஞாயிற்றுக்கிழமையிலை எங்கட வீட்டிலை ராக்லெட். பாற்கட்டி உருக்கின மணம் திங்கள் மத்தியானம் வரைக்கும் என்ரை மூக்கை விட்டுப் போறேல்லை. முப்பது வருசமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார்.

நம்முடைய மணம் மட்டும்தான் மணம் என்று எண்ணி நான் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்த காலமெல்லாம், அதே மேசையில் எனக்கு எதிரே இருந்தவர் தன் வீட்டு மணத்தை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னர் பல தடவை வந்திருக்கிறது.

மறுபடி சுவைத்தார்கள். நான் அறைக்குள் போகவில்லை. மாதிரிகளைத் திறந்து இரண்டு நாள் ஆகியிருந்ததால், பஸ்கால் கிடங்கிலிருந்து மூன்று தொட்டிகளின் இரண்டாவது மாதிரிகளை எடுத்து வந்தார். எப்போதும் இரண்டு அனுப்பச் சொல்வது எங்கள் வழக்கம். நான் நடையில், குளிர்ந்த சுவரில் சாய்ந்து நின்றேன். உள்ளே யாரும் பேசவில்லை. ஊற்றும் ஒலி, துப்பும் ஒலி, பிறகு பேனை ஓடும் ஒலி. ஒழுங்கு அன்றைக்குத்தான் ஒழுங்காக நடந்தது. கதவைத் திறந்த பஸ்கால் தாளை என்னிடம் நீட்டினார். எலுமிச்சைத் தோல், பேரிக்காய், ஈரக் கல் என்று எழுதியிருந்தார். மூன்று தொட்டியிலும் நோய் இல்லை. மூன்றாவது தொட்டியைப் பற்றித் தலைவர் தன் தாளில் ஒரு வரி அதிகம் எழுதியிருந்தார், அவர் எளிதில் எழுதாத ஒரு வரி: இதைச் செய்தவர் அவசரப்படாதவர்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் மூக்கு தவறும். எல்லோருடையதும் தவறும், அதற்காக வெட்கப்படத் தேவையில்லை. நீங்கள் பெயரெடுத்த பிறகு உங்கள் பிழையை யாரும் திருத்த மாட்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மற்றவர்கள் எழுதி முடிக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். ஓர் ஏற்பைத் தவறாக எழுதினால் அதை உங்கள் நிறுவனம் சுமக்கும். ஒரு மறுப்பைத் தவறாக எழுதினால் அதைச் சுமப்பவர் நீங்கள் பார்க்க முடியாத இடத்தில் இருப்பார்.

தலைவர் தொலைபேசியை எடுக்கப் போனார். நான்தான் பேசுவேன் என்றேன். அவர் எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தந்தார்.

முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. நிலவறையில் இருந்தால் கேட்காது என்று தலைவர் சொன்னார். மூன்றாவது தடவை, நெடுநேரம் அடித்த பிறகு, ஓடிவந்து எடுத்தவரின் மூச்சுக் கேட்டது. பின்னணியில் ஒரு பெரிய இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. நான் என் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு, நாட்டுக்கு வந்த நாள் முதல் அன்று காலை வரை எந்தச் சுவிஸ்காரரிடமும் எந்தப் பிரெஞ்சுக்காரரிடமும் சொல்லாமல் காத்து வந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"அந்த மணம் உங்கட வைனிலை இல்லை. என்ரை உடுப்பிலை இருந்தது. என்ரை குசினியிலை இருந்து வந்தது."

 காலையில் மற்ற இருவரும் நான் இல்லாமல் மறுபடி சுவைத்ததையும், மூன்று தொட்டிகளையும் நாங்கள் எடுத்துக்கொள்வதையும், தலைவர் எழுதிய வரியையும் சொன்னேன்.  

"நீங்கள் சொன்ன பிறகு எனக்கும் மணக்கத் தொடங்கிச்சு" என்றார் அவர். "செவ்வாயிலை இருந்து தொட்டி தொட்டியாய்ப் பாத்தன். மூண்டிலையும் இருந்தது. என்ரை கையாலை நானே கெடுத்துப்போட்டன் எண்டு நினைச்சன்."

 என் சொல் எல்லையைத் தாண்டிப் போய், தன் வைனைப் பிறந்ததிலிருந்து அறிந்த ஒருவருடைய மூக்கையே மாற்றியிருந்தது.

"வினிகர் ஆலைக்காரற்றை லொறி முற்றத்திலை நிக்குது" என்றார். "தொட்டியோடை குழாயைப் பூட்டிப்போட்டினம், வைனை இன்னும் திறந்துவிடேல்லை. ஃபோனை வைச்சிடாதேங்கோ. வாறன்."

தொலைபேசியை அவர் எதன் மேலோ வைக்கும் ஒலி கேட்டது. சரளைக் கற்களின் மேல் காலடிகள் ஓடின. தூரத்தில் அவர் ஏதோ கூப்பிட்டுச் சொன்னார், ஓர் ஆண்குரல் திருப்பிக் கேட்டது, அவர் மீண்டும் சொன்னார். இரும்பில் இரும்பு தட்டியது, குழாயின் பூட்டு கழன்றது. தலைவரும் பஸ்காலும் எனக்கு இருபுறமும் குனிந்து நின்றார்கள். நான் தொலைபேசியைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தேன், அவர்களுக்கும் கேட்கட்டும் என்று. லொறி பின்னுக்கு வந்தது, திரும்பியது, அதன் உறுமல் மெல்ல மெல்லத் தேய்ந்து எங்கோ ஒரு வளைவில் நின்றுபோனது. பிறகு முற்றம் முழுவதும் அமைதி. ஓடிப்போன காலடிகள், திரும்பி வரும்போது நடந்து வந்தன.